ஐபோன் 17: இந்தத் தடவை சாதா மாடலே போதும்

ஐபோன் 17 வரிசை 2025 செப்டம்பரில் வந்ததிலிருந்து நடக்கிற சண்டையெல்லாம் ஆரஞ்சு கலர் புரோ மாடலைப் பற்றியும் அப்பளம் மாதிரி மெல்லிசாக இருக்கிற ஏர் மாடலைப் பற்றியும்தான். புரோவில் கீறல் விழுகிறதா, ஏர் வளையுமா, புரோவில் டைட்டானியத்தை விட்டுவிட்டு ஏன் அலுமினியத்துக்குப் போனார்கள் என்று வீடியோ மேல் வீடியோ. நடுவில் 82,900 ரூபாய்க்கு ஒரு சாதா 17 இருக்கிறது, அதைப் பற்றிப் பேச ஆளில்லை. எங்கள் வீட்டில் தங்கைக்கு வாங்கியது அதுதான், பாதி நேரம் என் கையில்தான் இருக்கிறது. பயன்படுத்திப் பார்த்த வரையில் எனக்குத் தோன்றுவது, ஆப்பிள் ரொம்ப வருஷத்துக்கு அப்புறம் காசுக்கு நியாயமாகக் கொடுத்திருக்கிற போன் இதுதான். ஆனால் அதில் ஓடுகிற சாஃப்ட்வேரைப் பற்றி அப்படிச் சொல்ல முடியாது. அதைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

முதலில் விலை. "ஸ்ரீபெரும்புதூரிலேயே செய்கிறார்கள், அப்புறம் ஏன் அமெரிக்காவை விட இங்கே விலை அதிகம்" என்று எல்லாரும் கேட்கிறார்கள். கேள்வி சரிதான், ஆனால் ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். அமெரிக்காவில் இதன் விலை 799 டாலர், அங்கே விற்பனை வரி அதற்கு மேல் தனி. நம் 82,900-க்குள் 18 சதவீதம் ஜிஎஸ்டி அடக்கம். அதைக் கழித்தால் சுமார் 70,250 ரூபாய் வருகிறது. போன் வந்தபோது டாலர் 88 ரூபாய் பக்கம் இருந்தது, 799 டாலர் என்றால் 70,300 ரூபாய். அதாவது சாதா மாடலில் ஆப்பிள் நம்மிடம் கூடுதலாக எதுவும் எடுக்கவில்லை, மிச்சம் 12,600 சொச்சம் அரசாங்கத்துக்குப் போகிற வரி. இதே கணக்கைப் புரோவுக்குப் போடுங்கள். அங்கே 1,099 டாலர், இங்கே 1,34,900. வரியைக் கழித்த பிறகும் நாம் பதினேழாயிரத்துக்கு மேல் அதிகம் கொடுக்கிறோம். ஏரிலும் பதின்மூன்றாயிரத்துக்கு மேல் உதைக்கிறது. ஆக, கோபப்பட வேண்டுமென்றால் புரோ வாங்குகிறவர்தான் கோபப்பட வேண்டும், அவரோ வாங்கிவிட்டு ஆரஞ்சு கலரை ஸ்டேட்டஸில் போட்டுக்கொண்டிருக்கிறார்.

இன்னொன்றும் கவனிக்க வேண்டும். 2024-இல் 16 வந்தபோது 79,900, ஆனால் ஸ்டோரேஜ் வெறும் 128 ஜிபி. 256 ஜிபி வேண்டுமென்றால் 89,900. இப்போது 256 ஜிபியிலிருந்தே ஆரம்பம். குடும்ப வாட்ஸ்அப் குரூப் ஒன்று இருந்தாலே 128 ஜிபி எந்தக் கதிக்கு ஆளாகும் என்று உங்களுக்கே தெரியும்.

ஸ்க்ரீன்தான் பெரிய மாற்றம். 120 ஹெர்ட்ஸ், அதாவது நொடிக்கு 120 தடவை ஸ்க்ரீன் புதுப்பித்துக்கொள்வது, 2021-இல் 13 புரோவோடு ஐபோனில் வந்துவிட்டது, ஆனால் புரோ வாங்காதவர்களுக்கு மட்டும் நான்கு வருஷம் 60 ஹெர்ட்ஸையே தள்ளிக்கொண்டிருந்தார்கள். பதினைந்தாயிரம் ரூபாய் ஆண்ட்ராய்டில் இருக்கிற சமாச்சாரம் எண்பதாயிரம் ரூபாய் போனில் இல்லை என்று கேலி செய்தவர்கள் சொன்னதில் தப்பே இல்லை. இப்போது கொடுத்துவிட்டார்கள், கூடவே ஸ்க்ரீன் அணையாமல் மங்கலாக நேரம் காட்டுகிற வசதியும் வந்துவிட்டது. வெளியில் உச்ச வெளிச்சம் 3,000 நிட்ஸ் என்கிறார்கள், 16-இல் 2,000. எண்ணை விடுங்கள், மத்தியானம் வெயிலில் பஸ் ஸ்டாப்பில் நின்றுகொண்டு கையால் நிழல் பிடிக்காமல் மேப் பார்க்க முடிகிறது, நம்மூருக்கு அது போதும்.

எனக்கு ரொம்பப் பிடித்தது செல்ஃபி கேமரா. உள்ளே இருக்கிற சென்சார் சதுரமானது, அதனால் போனை நிமிர்த்திப் பிடித்தபடியே அகலவாக்கில் படம் எடுக்கலாம். கல்யாண வீட்டில் இதைப் பார்த்தேன். தங்கையும் இரண்டு பேரும் நின்று எடுக்க ஆரம்பித்தார்கள், பின்னாலிருந்து சித்தி தலையை நீட்டினார், அப்புறம் அவர் பிள்ளைகள். ஒவ்வொருவராகச் சேரச் சேர ஃப்ரேம் தானாகவே அகலமாகிக்கொண்டே போனது. யாரும் கையைத் திருப்பவில்லை, "நீ கொஞ்சம் பின்னால் போ" என்று சொல்லவுமில்லை. சின்ன விஷயம்தான், ஆனால் இதை யோசித்தவர் ஏதோ பெரிய குடும்பத்தில் பிறந்தவராக இருக்க வேண்டும்.

பின் கேமரா இரண்டும் 48 மெகாபிக்சல். தூரத்தில் இருப்பதை இழுத்து எடுக்கும் டெலிபோட்டோ கிடையாது, மேடையில் ஆடுகிற குழந்தையைக் கடைசி வரிசையிலிருந்து எடுக்க வேண்டுமென்றால் இந்தப் போன் உதவாது. சார்ஜிங் வயர் சொருகும் இடம் டைப் சிதான், ஆனால் அதன் வேகம் இன்னும் பழைய யுஎஸ்பி 2. பெரிய 4கே வீடியோவை வயர் போட்டு லேப்டாப்புக்கு மாற்றக் காத்துக்கொண்டு உட்கார வேண்டியதுதான். 2025-இல் இது வேண்டுமென்றே செய்த கஞ்சத்தனம், வேறு பெயர் இல்லை. பேட்டரி பற்றிச் சொல்ல அதிகமில்லை, காலையிலிருந்து ராத்திரி வரை தாங்குகிறது.

புரோ சண்டைக்கு வருவோம். ஷோரூமில் வைத்திருந்த போன்களின் முதுகில் வட்டத் தடம் தெரிகிறது என்று முதல் வாரமே படங்கள் வந்தன. ஸ்டாண்டிலிருந்து ஒட்டிய பொருள்தான், துடைத்தால் போய்விடும் என்றது ஆப்பிள். கேமரா மேட்டின் கூர்மையான விளிம்பில் கலர் பூச்சு எளிதாகப் பெயர்கிறது என்று சோதித்துப் பார்த்தவர்கள் காட்டியது வேறு விஷயம், அதில் உண்மை இருக்கிறது. சாதா 17-க்குப் பின்பக்கம் கண்ணாடி, அந்த மாதிரி விளிம்பே இல்லை. எப்படியும் வாங்கிய அன்றே கவர் போடுகிற ஊரில் இது இவ்வளவு பெரிய விவாதமா என்றும் தோன்றுகிறது. ஏர் 5.6 மில்லிமீட்டர், கையில் எடுத்தால் நிஜமாகவே ஆச்சரியமாக இருக்கிறது. ஆனால் பின்னால் ஒரே கேமரா, ஒரே ஸ்பீக்கர், சிம் போட இடமே கிடையாது, போனுக்குள்ளேயே இருக்கிற டிஜிட்டல் சிம்மான இசிம் மட்டும்தான். 1,19,900 கொடுத்து இவ்வளவையும் இழக்க எனக்கு மனசு வராது.

இப்போது சாஃப்ட்வேர். ஐபோனை இயக்குகிற ஐஓஎஸ் 26-இல் லிக்விட் கிளாஸ் என்று எல்லாவற்றையும் கண்ணாடியாக்கிவிட்டார்கள். பட்டன், மெனு, நோட்டிஃபிகேஷன் எல்லாவற்றுக்கும் பின்னால் இருப்பது ஊடுருவித் தெரிகிறது. விளம்பரத்தில் அழகு. வால்பேப்பராகக் கலர்கலரான குடும்பப் படத்தை வைத்திருப்பவருக்கு, அதன் மேல் வரும் எழுத்தைப் படிப்பது வேலை. உலகம் முழுக்கப் புகார் கிளம்பிய பிறகு, 2025 நவம்பரில் வந்த 26.1 அப்டேட்டில் கண்ணாடியைக் கொஞ்சம் மங்கலாக்கிக்கொள்ள ஒரு ஆப்ஷன் கொடுத்தார்கள். வாங்கினால் முதல் வேலையாக அதைப் போடுங்கள், வீட்டில் பெரியவர்கள் கையில் கொடுப்பதாக இருந்தால் கட்டாயம் போடுங்கள்.

ஏஐ கதை இதைவிட மோசம். உங்கள் மெயில், மெசேஜ் எல்லாம் புரிந்துகொண்டு பதில் சொல்லும் புது சிரி (ஐபோனின் குரல் உதவியாளர்) வருகிறது என்று 2024 ஜூனில் மேடை போட்டுக் காட்டினார்கள், அதை வைத்தே 16-ஐ விற்றார்கள், 2025 மார்ச்சில் தாமதமாகும் என்று சொல்லிவிட்டு ஓடிக்கொண்டிருந்த விளம்பரத்தையும் எடுத்துவிட்டார்கள். அமெரிக்காவில் ஆப்பிள் மேல் வழக்கும் வந்தது. நடுவில் செய்திகளைச் சுருக்கித் தருகிறேன் என்று கிளம்பிய ஏஐ, சிறையில் இருந்த ஒருவர் தன்னைத்தானே சுட்டுக்கொண்டதாக, நடக்காத ஒன்றை, பிபிசி பெயரில் நோட்டிஃபிகேஷனாக அனுப்பியது. பிபிசி புகார் கொடுத்தது, 2025 ஜனவரியில் செய்தி ஆப்களுக்கு அந்த வசதியை நிறுத்தி வைத்தார்கள். கடைசியில் 2026 ஜனவரியில் கூகுளின் ஏஐயான ஜெமினியை வைத்துத்தான் புது சிரியைக் கட்டப்போகிறோம் என்று இரண்டு கம்பெனியும் சேர்ந்து அறிவித்தன. அதனால் கடைக்காரர் "சார், இதுல ஏஐ இருக்கு" என்று ஆரம்பித்தால் கேட்டுக்கொள்ளுங்கள், அதற்காகப் பத்து பைசாகூட அதிகம் கொடுக்காதீர்கள்.

யார் வாங்கலாம்? 11, 12, 13 வைத்திருப்பவர்கள் தாராளமாக மாறலாம், வித்தியாசம் முதல் நாளே தெரியும். 15, 16 வைத்திருந்தால் அவசரமே இல்லை. புதிதாக வருகிறவர் புரோவா சாதாவா என்று குழம்பினால், டெலிபோட்டோ வேண்டுமா என்ற ஒரே கேள்வியைக் கேட்டுக்கொள்ளுங்கள். வேண்டாம் என்றால் 52,000 ரூபாய் மிச்சம்.

கடையில் ஒரு எச்சரிக்கை. பெட்டியில் சார்ஜர் கிடையாது, 2020-இலிருந்தே கிடையாது, வயர் மட்டும்தான் வரும். நாங்கள் போன கடையில் சார்ஜர், டெம்பர்டு கிளாஸ், கவர், ஏதோ ஒரு வருஷ பாதுகாப்புத் திட்டம் எல்லாவற்றையும் சேர்த்து இஎம்ஐயில் ஏற்றிவிட்டு "கேஷ்பேக்கில் கழிந்துவிடும்" என்றார்கள். கழியவில்லை. பில்லில் ஒவ்வொன்றையும் தனித்தனியாகப் போடச் சொல்லுங்கள், போனை மட்டும் தர மாட்டேன் என்று இழுத்தால் அடுத்த கடைக்குப் போங்கள். வீட்டில் ஏற்கெனவே டைப் சி சார்ஜர் ஏதாவது நல்லதாக இருந்தால் அதுவே இதற்குப் போதும், எங்கள் வீட்டில் லேப்டாப் சார்ஜரில்தான் ஓடிக்கொண்டிருக்கிறது.