டானசாலா, ஏ.டி.ஜி.யா? ஏப்ளாஸ்டிக் அனீமியாவில் எதற்கு எங்கே இடம்

எலும்பு மஜ்ஜை போதிய ரத்த அணுக்களை உருவாக்காத நோயான ஏப்ளாஸ்டிக் அனீமியா என்று உறுதியானதும் பேச்சில் மூன்று வழிகள் அடிபடும்: மஜ்ஜை மாற்று, நோய் எதிர்ப்பு அணுக்களை அடக்கும் ஏ.டி.ஜி. ஊசி மருந்துடன் அதே வகையான சைக்ளோஸ்போரின், அப்புறம் டானசால், ஸ்டானசோலால் போன்ற ஆண்ட்ரஜன் (ஆண் ஹார்மோன் வகை) மாத்திரைகள். முதல் இரண்டுக்கும் நம் ஊரில் லட்சக்கணக்கில் செலவாகும். மாத்திரையை வீட்டிலிருந்தே சாப்பிடலாம், செலவும் குறைவு. அதனால் மூன்றும் ஒரே பலன் தரும் என்ற நினைப்பு வந்துவிடுகிறது. அப்படி இல்லை.

நோய் கடுமையானால், அதாவது ஒரு மைக்ரோலிட்டர் ரத்தத்தில் நியூட்ரோஃபில் (தொற்றை எதிர்க்கும் வெள்ளணு) 500க்குக் கீழும் தட்டணு (பிளேட்லெட்) 20,000க்குக் கீழும் இறங்கிவிட்டால், ஆண்ட்ரஜனை மட்டும் நம்பி உட்கார்ந்திருக்கக் கூடாது. பெரும்பாலானோருக்கு மஜ்ஜையை அழிப்பது அவர்களுடைய சொந்த டி செல்கள் என்ற எதிர்ப்பு அணுக்கள்தான். ஏ.டி.ஜி. அவற்றை அடக்குகிறது. ஆண்ட்ரஜனோ மஜ்ஜையில் மிச்சமிருக்கும், ரத்த அணுக்களை உருவாக்கும் ஸ்டெம் செல்களைத்தான் தூண்டிவிடுகிறது. மிச்சமே இல்லாதபோது எதைத் தூண்டும்? பலன் தெரிய மூன்று முதல் ஆறு மாதம் ஆகும். அதுவரை தொற்று பொறுத்திருக்காது. 1979இல் வெளியான அமெரிக்க ஆய்விலும் உடன்பிறந்தவரின் மஜ்ஜை பெற்றவர்களே அதிகம் பிழைத்தார்கள். 40 வயதுக்குள் இருந்து, திசு வகை (ஹெச்.எல்.ஏ.) பொருந்தும் அண்ணனோ தங்கையோ இருந்தால் மஜ்ஜை மாற்றுக்குத்தான் முதலிடம்.

ஏ.டி.ஜி.யைக் குதிரையிலிருந்தோ முயலிலிருந்தோ எடுக்கிறார்கள்; அதில் எது என்று கேளுங்கள். 2011இல் வெளியான ஒப்பீட்டில் ஆறு மாதத்தில் குதிரை ஏ.டி.ஜி. 68 சதவீதம் பேருக்குப் பலன் தந்தது, முயல் ஏ.டி.ஜி. 37 சதவீதம் பேருக்கே. மஜ்ஜையைத் தூண்டும் எல்ட்ராம்போபேக் மாத்திரை சேர்த்தால் பலன் இன்னும் கூடுகிறது.

அப்படியானால் ஆண்ட்ரஜனுக்கு இடமே இல்லையா? நிச்சயம் உண்டு. நோய் அவ்வளவு கடுமையில்லாதவர்கள், ஏ.டி.ஜி. பலிக்காதவர்கள், அதற்குப் பணம் புரட்ட முடியாதவர்கள் ஆகியோருக்கு அது உண்மையான மருந்து. இன்னொரு கூட்டமும் உண்டு: பிறவியிலேயே டெலோமியர் (குரோமோசோம் நுனியைக் காக்கும் பகுதி) குட்டையாக இருந்தும், பெரியவர்களான பிறகே நோய் வெளிப்படுபவர்கள். இவர்களுக்கு ஏ.டி.ஜி. பெரிதாக உதவாது. 2016இல் வெளியான ஆய்வில் டெலோமியர் கோளாறு உள்ளவர்களுக்குத் தினமும் 800 மி.கி. டானசால் கொடுத்தபோது, மூன்று மாதத்தில் பரிசோதிக்க முடிந்த 24 பேரில் 19 பேருக்கு ரத்த அணுக்கள் கூடின. குடும்பத்தில் யாருக்காவது காரணம் தெரியாத நுரையீரல் தழும்போ கல்லீரல் நோயோ, சிறு வயதிலேயே நரையோ இருந்தால் டாக்டரிடம் கட்டாயம் சொல்லுங்கள்.

ஆண்ட்ரஜன்களுக்குள் ஆக்ஸிமெத்தோலோன் வேலை செய்யும், ஆனால் கல்லீரலைக் கடுமையாகப் பாதிக்கலாம். நாண்ட்ரோலோன் ஊசியைத் தட்டணு குறைந்தவருக்குத் தசையில் போட்டால் ரத்தம் கட்டிக்கொள்ளும். பெண்களுக்கு டானசாலைத்தான் நான் முன்வைப்பேன், மற்றவற்றைவிட ஆண்தன்மை குறைவாக வருவதால். குறைவுதான், இல்லவே இல்லை என்று அர்த்தமில்லை. மேலுதட்டில் முடி முளைக்கும், மாதவிலக்கு நிற்கலாம், குரல் தடிக்கும். தடித்த குரல் மருந்தை நிறுத்தினாலும் பழையபடி திரும்பாமல் போகலாம். பேச்சே தொழிலாக உள்ள டீச்சருக்கு இதை முன்கூட்டியே சொல்லாமல் மாத்திரை எழுதுவது அநியாயம். கர்ப்பத்தில் டானசால் கூடவே கூடாது.

சைக்ளோஸ்போரினுடன் சேர்த்தால் அதன் அளவை டானசால் ரத்தத்தில் ஏற்றிவிடும், சிறுநீரகம் அடிவாங்கும். எனவே சிறுநீரக நிலையைக் காட்டும் கிரியேட்டினினும் சைக்ளோஸ்போரின் அளவும் பார்க்க வேண்டும். கல்லீரல் பரிசோதனையும் கொழுப்பும் தவறாமல், அவ்வப்போது வயிற்று ஸ்கேனும். பலன் வந்தால் பெரும்பாலும் ஹீமோகுளோபின்தான் முதலில் ஏறும், தட்டணு மெதுவாகத்தான் வரும். ஒரு மாதத்தில் எண்ணிக்கை அசையவில்லை என்று மாத்திரையைத் தூக்கிப் போடாதீர்கள். ஏறிவிட்டது என்று நீங்களாகச் சட்டென நிறுத்தவும் வேண்டாம். டாக்டர் பல மாதங்களில் படிப்படியாகத்தான் குறைப்பார், அப்போதும் சிலருக்கு எண்ணிக்கை மறுபடி இறங்கும்.