எனாமல் அடித்த மாருதி 800: கதவைத் திறந்து பார்த்துவிட்டுப் பேசலாம்

மச்சானின் ஆம்னிக்கு முழு பெயிண்ட் அடிக்க 30,000 ரூபாய் கேட்டார்களாம். "கேட்டுக்கும் கிரில்லுக்கும் அடிக்கிற எனாமலை உங்க மாருதிக்கு நீங்க வீட்லயே அடிச்சீங்களே மாமா, வண்டி இன்னும் நல்லாத்தானே இருக்கு?" என்கிறான். நல்லாத்தான் இருக்கிறது, தெருவில் நின்று பார்த்தால். கதவைத் திறந்து ஏறுகிறவனுக்குத்தான் மற்றது தெரியும்.

செலவைப் பற்றி எனக்கு எந்தக் குறையும் இல்லை. சிந்தெடிக் எனாமல், துரு சுரண்டிய இடங்களுக்கு ரெட் ஆக்சைடு பிரைமர், பள்ளம் நிரப்பப் பேஸ்ட் பட்டி, தண்ணீர் விட்டுத் தேய்க்க வாட்டர் பேப்பர், மாஸ்கிங் டேப், ஃபோம் ரோலர் என்று எல்லாம் சேர்த்து 5,000 ரூபாய்க்குள் முடிந்தது. கம்ப்ரஸரும் இல்லை, ஸ்ப்ரே கன்னும் இல்லை. ஆர்.சி.யில் இருக்கிற அதே வெள்ளை என்பதால் ஆர்.டி.ஓ. ஆபீசுக்கு அலையவும் வேண்டியதில்லை. நிறத்தை மாற்றுகிறவர்கள் அங்கே போய் ஆர்.சி.யில் பதிந்தே ஆக வேண்டும்.

அடிக்கும் முறை எல்லாருக்கும் தெரிந்ததுதான். டர்பன்டைன் கலந்து தண்ணியாக, மெல்லிய கோட்டுகளாக உருட்ட வேண்டும். நன்றாகக் காய்ந்தபின் தண்ணீர் விட்டுத் தேய்த்து, அதன் மேல் அடுத்த கோட். மழையும் பனியும் இல்லாத மாசி, பங்குனியில் வைத்துக்கொண்டால் நல்லது. ஒரு கோட் ஈரமாக இருக்கும்போது பக்கத்துத் தெருக் கொசு வரை வந்து உட்காரும். தேய்த்தால் போய்விடும், அதற்காக வருத்தப்பட வேண்டாம்.

என் கோபமெல்லாம் கதவு பீடிங் மீதுதான், அதாவது கதவைச் சுற்றி ஓடுகிற ரப்பர் பட்டை மீது.

எனாமல், அதில் கலந்த டர்பன்டைன் பறந்து போனதும் காய்ந்துவிடுகிற சரக்கு இல்லை. அதிலுள்ள எண்ணெய், காற்றிலிருக்கிற ஆக்சிஜனை இழுத்து மெல்ல மெல்ல இறுகுகிறது. தொட்டால் கையில் ஒட்டாத பதம் ஒரே நாளில் வந்துவிடும். உள்ளே முழுதாக இறுக வாரக்கணக்கில் ஆகும். அப்படி இறுகிய பிறகும் கடும் வெயிலில் கொஞ்சம் இளகும். கதவைச் சாத்தி வெயிலில் நிறுத்தினால் அந்த இளகிய பெயிண்டில் பீடிங் ரப்பர் அழுந்தி உட்கார்ந்துவிடுகிறது. ரப்பரில் இருக்கிற எண்ணெய்ப் பசையும் பெயிண்டை இன்னும் மிருதுவாக்குகிறது. மத்தியானம் வந்து கதவை இழுத்தால் 'பர்ர்ர்' என்று பிளாஸ்திரியைப் பிய்க்கிற சத்தம். நாளடைவில் வெள்ளைத் துணுக்குகள் பீடிங்கோடு போய்விட்டன, கதவு விளிம்பில் பிரைமர் சிவப்பாகப் பல்லிளிக்கிறது. என் மனைவி அந்தச் சத்தத்துக்குப் பயந்தே பின்சீட்டில் ஏறுவதில்லை.

பீடிங்கை மாற்றிப் பார்த்தேன். புது ரப்பர் பழையதைவிட அதிகமாக ஒட்டியது! இப்போது சித்திரை, வைகாசியில் பீடிங் முழுக்க முகத்துக்குப் போடுகிற பவுடரைத் தடவி வைக்கிறேன். ஒட்டுவது பாதியாகக் குறையும். ஏறி இறங்கும்போது பேன்ட்டில் வெள்ளைக் கோடு விழும், அவ்வளவுதான். பழைய பெயிண்ட் கெடாத வண்டியாக இருந்தால் பீடிங் உட்காருகிற விளிம்பைத் தொடாமல் விட்டுவிடலாம். எங்கள் வண்டியில் துருவே அங்கேதான் பிடித்திருந்தது.

இன்னொரு வேடிக்கை: வெயில் படுகிற பானெட்டும் கூரையும் வெள்ளையாகவே இருக்கின்றன. வெயிலே படாத கதவிடுக்கும் டிக்கி உள்பக்கமும் பழுத்து மஞ்சளாகிவிட்டன. இவ்வகை எனாமலின் குணமே அப்படி, இருட்டில்தான் மஞ்சளாகும். வெயில் பட்ட இடம் பளபளப்பை இழந்து மாவு உதிர்க்கும். அதற்குத் தேய்த்து மெருகேற்றுகிற ரப்பிங் காம்பவுண்ட் இருக்கிறது.

சரி, நியாயமாகவும் பேச வேண்டும். போன மாதம் மார்க்கெட்டில் ஒரு தள்ளுவண்டி பின்கதவில் நீளமாகக் கோடு போட்டது. மற்ற கார்க்காரர் யாராக இருந்தாலும் அங்கேயே சண்டை பிடித்திருப்பார். நான் வீட்டுக்கு வந்து மீதி டப்பாவில் படிந்த ஆடையை எடுத்துவிட்டு, சின்ன பிரஷ்ஷால் தடவினேன். காய்ந்ததும் தேய்த்து பாலிஷ் போட்டால் கோடு இருந்த இடமே தெரியவில்லை. இந்த நிம்மதி மெட்டாலிக் பெயிண்ட் வண்டி வைத்திருப்பவருக்குக் கிடைக்காது. ஆனால் இதற்கும் மேலே அடிபட்டால் பெயிண்டரிடம் போகவே முடியாது. எனாமல் மேல் அவர்களுடைய தின்னர் பட்டால் சுருண்டு கிளம்பும் என்று ஒருவர் கைகூப்பியே அனுப்பிவிட்டார். அவர் சொன்னது சரிதான், மொத்தமும் சுரண்டினால்தான் வேறு பெயிண்ட் ஏறும். பெட்ரோல் மூடி பக்கத்தில் சொட்டினாலும் உடனே துடைக்க வேண்டும், விட்டால் கறையாகிவிடும்.

என் கையில் 30,000 ரூபாய் இருந்தால் டயரும் பேட்டரியும் வாங்கிக்கொண்டு மறுபடியும் எனாமல்தான் அடிப்பேன். மச்சானிடம் மட்டும் வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். அவன் வண்டி நிற்கிற இடத்தில் பொட்டு நிழல் கிடையாது. அந்த ஆம்னியின் ஸ்லைடிங் கதவு இப்போதே இரண்டு பேர் இழுத்தால்தான் வருகிறது.