கான்டாக்ட்ஸில் யாரும் தொடாத அந்த ‘நோட்ஸ்’ கட்டம்

உறவுகளைப் பேணுவதற்கென்றே வரும் செயலி ஒன்றுக்குச் சந்தா கட்டலாமா என்று நண்பர் கேட்டார். அந்தச் செயலியை நான் தொட்டதில்லை. அது செய்வதாகச் சொல்லும் வேலையைப் பல வருஷமாக ஃபோனில் சும்மா கிடக்கும் ஒரு கட்டத்தில் செய்து வருகிறேன். ஆகவே அதைப் பற்றித்தான் சொல்ல முடியும்.

கான்டாக்டில் பெயர், நம்பர், மெயிலுக்கெல்லாம் கீழே ‘நோட்ஸ்’ என்று இருக்குமே, அதுதான். ஒருவரோடு பேசி முடித்த சூட்டோடு மாதம், வருஷம் போட்டு ஒரு வரி எழுதுவேன். “அப்பாவுக்குக் கண் ஆபரேஷன்.” “வேலையை விடும் யோசனை, யாருக்கும் தெரியாது.” அடுத்த முறை “அப்புறம், வேற என்ன?” என்று இழுக்க வேண்டியதில்லை. “அப்பா இப்போ பேப்பர் படிக்கிறாரா?” என்று கேட்டதும் எதிர்முனையில் குரலே மாறிவிடும். பிறந்தநாள் வாழ்த்தில் இது நடப்பதில்லை. அந்த நினைவூட்டல் எல்லோருக்கும்தான் வருகிறது.

ஃபோன் மாற்றும்போதும் பயமில்லை. தொடர்பு விவரங்களைக் கொண்டுபோகும் விகார்ட் வடிவத்திலேயே குறிப்புக்கு இடம் உண்டு. 2011-இல் வந்த 4.0 பதிப்பில் திருமண நாளுக்கும் தனி இடம் கொடுத்தார்கள். ஐஃபோனில் இன்னொரு நிம்மதி: 2019-இல் வந்த ஐஓஎஸ் 13 முதல், ஆப்பிளின் தனி அனுமதி இல்லாத வெளிச் செயலிகளால் இந்தக் கட்டத்தைப் படிக்க முடியாது. ஊரார் ரகசியமெல்லாம் அதில் கிடக்கிறதே!

இனி எரிச்சல். அழைப்பு வரும்போது திரையில் பெயர் வரும், படம் வரும், பச்சைப் பொத்தான் வரும். குறிப்பு மட்டும் வராது. எனக்கு அது தேவைப்படுவதே அந்த நேரத்தில்தான்! முகத்தைத் திரை முழுக்கப் பெரிதாக்கத் தெரிந்தவர்களுக்கு, அடியில் ஒரு வரி காட்டத் தெரியாதா? பக்கத்தில் உட்கார்ந்திருப்பவர் கண்ணில் “யாருக்கும் தெரியாது” பட்டால் வம்பு என்பதும் புரிகிறது. வேண்டியவர்கள் போட்டுக்கொள்ள ஒரு சுவிட்சாவது வைக்கலாமே.

எதிர்பாராத ஒன்றும் நடந்தது. ஒரு தோழிக்குச் சந்தேகம் வந்துவிட்டது. “இதெல்லாம் உனக்கு ஞாபகம் இருக்கா, எழுதி வச்சிருக்கியா?” எழுதி வைத்திருக்கிறேன் என்றேன். கோபித்துக்கொள்வாள் என்று பார்த்தால், “எங்கே, வாசி” என்றாள். வாசிக்க வாசிக்க, “அதுக்கு மறுநாள்தான் நீ எனக்கு ஃபோன் பண்ணி அழுதே, அதையும் எழுதிக்கோ” என்கிறாள். அது என் நினைவிலேயே இல்லை. நெருங்கியவர்கள், யார் எதை ஞாபகம் வைப்பது என்று சொல்லாமலே பங்கிட்டுக்கொள்கிறார்கள் என்று டேனியல் வெக்னர் என்ற உளவியலாளர் 1980-களில் எழுதினார். என் பங்கு முழுக்க அவளிடம் இருந்திருக்கிறது. இப்போது என் ஃபோனிலேயே உருப்படியான குறிப்பு அவளுடையதுதான். பாதி அவள் சொல்லி நான் எழுதியது. மற்றவர்கள் பெயருக்குக் கீழே இருப்பதெல்லாம் அதற்குப் பக்கத்தில் துப்பறிவாளர் டைரி மாதிரி இருக்கிறது.

இவ்வளவு புகழ்ந்தபின் கட்டமே போதும் என்றுதான் நண்பருக்குச் சொல்ல வேண்டும். ஆனால் நேற்று மறுபடியும், அழைப்பின் நடுவே நோட்ஸைத் தேடிய அவசரத்தில் விரல் தவறி இணைப்பு துண்டாகிவிட்டது. அழைப்புத் திரையில் குறிப்பைக் காட்டுமா என்று மட்டும் கேட்டுப் பாருங்கள். காட்டும் என்றால் யோசிக்காமல் சந்தா கட்டிவிடுங்கள். நானும் கட்டுகிறேன்.