ஜனவரியில் அசேலியா வாங்குகிறவர்கள் கவனத்துக்கு

அமெரிக்காவில் வட கரோலினா, ஜார்ஜியா பக்கம் தோட்டம் போட்டிருக்கும் நம்மவர்களுக்காக இதை எழுதுகிறேன். ஃபிளேம் அசேலியா என்று ஆன்லைனில் விற்கிறார்களே, அதைக் குளிர்காலத்தில் வாங்காதீர்கள்.

அப்பலாச்சியன் மலைக்காடுகளில் தானாக வளரும் புதர் இது. ஆரஞ்சும் மஞ்சளுமாகப் பூக்கும். ஸ்மோக்கி மலையில் கிரெகரி பால்டு உச்சிக்கு ஜூன் மாதத்தில் ஆட்கள் மூச்சிரைக்க ஏறுவதே இதையும் இதன் கலப்புகளையும் பார்க்கத்தான். குளிரில் இலை முழுக்க உதிர்ந்து வெறும் குச்சியாக நிற்கும். ஏமாற்றுக்காரனுக்கு அதுதான் வசதி.

ஜனவரியில் நான் ஆன்லைனில் வாங்கிய செடிக்கு விற்றவன் 'நர்சரியில் வளர்ந்தது' என்று போட்டிருந்தான். பார்சலைப் பிரித்தால் கட்டைவிரலை விடத் தடித்த கிழட்டு அடித்தண்டு, மேலே ரம்பத்தால் அறுத்த தழும்பு, பட்டையெல்லாம் காட்டுப் பாசி. வேரைப் பார்த்ததும் விஷயம் புரிந்துவிட்டது. அசேலியாவின் வேர் மயிரிழை போல மெல்லியது. தொட்டியில் வளர்ந்திருந்தால் தொட்டியின் வடிவத்திலேயே அடர்ந்து நிற்கும். வந்ததிலோ மண்வெட்டி வெட்டிய இரண்டு மூன்று தடி வேர்களும் ஒட்டியிருந்த செம்மண்ணும்தான். காட்டில் தோண்டிய செடி!

கேட்டதற்கு, "செடி உறக்கத்தில் இருக்கு, வசந்தம் வரட்டும்" என்று பதில். ஏப்ரலில் துளிர்த்தது, தண்டில் மிச்சமிருந்த சத்தில். வெயில் ஏறியதும் இலை கருகி அப்படியே போய்விட்டது. மறுபடி எழுதினால், 30 நாள் உத்தரவாதம் முடிந்துவிட்டதாம். ஜனவரியில் விற்ற செடி துளிர்க்கும் முன்பே அந்த 30 நாள் ஓடிவிடும் என்பது அவனுக்குத் தெரியாதா என்ன?

ஏன் தோண்டுகிறார்கள் என்றால், இதை முறையாகப் பெருக்குவது பொறுமையைச் சோதிக்கும் வேலை. இளந்தண்டை வெட்டி வைத்தால் லேசில் வேர் பிடிக்காது. பிடித்தாலும் குளிருக்கு முன் புதுத் துளிர் விடாவிட்டால் அடுத்த வசந்தத்தில் பல கண் திறப்பதே இல்லை. விதை தூசி மாதிரி இருக்கும்; வெளிச்சம் பட வேண்டும் என்பதால் மண்ணைப் போட்டு மூடாமல், ஈரமான ஸ்பாக்னம் பாசி மேல் தூவி விட வேண்டும். பூ பார்க்க வருஷக்கணக்காகும். கிளையை வளைத்துப் பதியம் போடலாம், அதுவும் மெதுவாகத்தான். ராத்திரியில் காட்டுக்குள் மண்வெட்டியோடு போவது இதைவிடச் சுலபம். தேசியப் பூங்காவில் செடி தோண்டுவது சட்டவிரோதம், அது வேறு.

இன்னொன்று. காட்டில் தோண்டியதைச் சில மாதம் தொட்டியில் வைத்திருந்துவிட்டு 'நர்சரியில் வளர்ந்தது' என்பார்கள். விதையா, பதியமா, வெட்டுத்தண்டா என்று எழுத்தில் கேளுங்கள். மழுப்பினால் விட்டுவிடுங்கள்.

கார்டு கம்பெனியில் புகார் கொடுத்திருக்கிறேன், பணம் இன்னும் வரவில்லை. கையில் இருக்கும் ஆதாரம் நடும் முன் எடுத்த வேரின் போட்டோதான். நீங்களும் பார்சலைப் பிரித்தவுடன் வேரைப் போட்டோ எடுத்துவிடுங்கள்.