பெற்ற தாயைத் தேடித் தருவதாகச் சொல்லிப் பணம் கேட்பவரிடம் எச்சரிக்கையாக இருங்கள்

ஹட்டன், தலவாக்கலை, நுவரெலியாப் பக்கங்களில், சிறு வயதில் தத்துக் கொடுக்கப்பட்டவர்களை அணுகி, நீதிமன்றக் கோப்பை எடுத்துப் பெற்ற தாயைக் கண்டுபிடித்துத் தருவதாகக் கூறும் ஒரு தரகர் நடமாடுகிறார். அவரிடம் ஒன்றரை இலட்சம் ரூபாவை இழந்தவள் என்ற முறையில் இதை எழுதுகிறேன். பொலிஸ் முறைப்பாடு விசாரணையில் இருப்பதால் அவருடைய பெயரை இங்கே குறிப்பிடவில்லை.

1984 இல் ஒரு மாவட்ட நீதிமன்றத்தின் கட்டளைப்படி நான் தத்தெடுக்கப்பட்டேன். என்னை வளர்த்தவர்கள் குறையேதும் வைக்கவில்லை. அவர்கள் இருவரும் காலமான பின்னரே, என்னைப் பெற்றவள் உயிரோடு இருந்தால் ஒரு தடவை பார்த்துவிட வேண்டும் என்று தேடத் தொடங்கினேன். மலையகத்தில் அது எளிதான காரியமல்ல. தோட்டத்துப் பெயர்களைப் பதிவு செய்தவர்கள் காதில் விழுந்தபடி எழுதி வைத்திருப்பார்கள். தகப்பன் பெயர் இருக்க வேண்டிய இடம் சில பதிவுகளில் வெறுமையாகவே இருக்கும். 1964 ஆம் ஆண்டு இலங்கை-இந்திய ஒப்பந்தத்தின்படி இந்தியாவுக்கு அனுப்பப்பட்ட தோட்டத் தொழிலாளர் குடும்பங்கள் தலைமன்னாரில் கப்பலேறி, நீலகிரிப் பக்கம் போய்க் குடியேறிவிட்டதால், அவர்கள் இருந்த பழைய லயத்தில் (தோட்டத்து வரிசை வீடுகளில்) விசாரித்தாலும் பதில் சொல்ல ஆள் இருப்பதில்லை. இந்த இடைவெளியில்தான் தரகர்கள் பிழைக்கிறார்கள்.

"டீச்சர், பைல் கிடைச்சிருச்சு, ஆனா ரெக்கோட் ரூம் ஐயாவைக் கொஞ்சம் கவனிக்கணும்" என்பதுதான் அவர் முதலில் சொன்னது. பணம் கைமாறியபின், நன்னடத்தை உத்தியோகத்தர் 1984 இல் நீதிமன்றத்துக்கு அளித்த அறிக்கை என்று ஒரு தாளைக் கொண்டுவந்து தந்தார். அதில் தாயின் பெயர், தோட்டம், டிவிஷன் எல்லாம் இருந்தன. எனக்குத் தெரிந்த சட்டத்தரணி ஒருவர் அதை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். தாள் முழுவதும் பழுப்பேறியிருந்தபோதும், மூலையில் குத்தியிருந்த குண்டூசியில் துளிகூடத் துரு இல்லை. சாயத்தில் நனைத்து உலர்த்திய தாள் என்பது ஓரங்களில் தெரிந்தது. அதைவிட, தலைப்பில் "மத்திய மாகாண சபை" என்று அச்சிடப்பட்டிருந்தது. 1987 ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ்தான் மாகாண சபைகளே உருவாகின என்னும்போது, 1984 ஆம் ஆண்டுக் கடிதத்தில் அந்தப் பெயர் எப்படி வரும்?

ஆனால் அதற்குள் அவர் ஒரு அம்மாவை என் முன்னால் கொண்டுவந்து நிறுத்தியிருந்தார். கொழுந்து பறித்துக் காய்த்துப்போன கைகளால் என் முகத்தைத் தடவி அந்த அம்மா அழுத அழுகையில் பொய் இருக்கவில்லை. மரபணுப் பரிசோதனையில் எங்களுக்குள் எந்த உறவும் இல்லை என்று வந்த பிறகுதான் உண்மை விளங்கியது. அந்த அம்மாவும் அந்தக் காலத்தில் பெண் குழந்தையொன்றைக் கொடுத்தவர். "உங்க மக கிடைச்சிட்டா" என்று சொல்லி அவரிடமும் போக்குவரத்துச் செலவுக்கென்று காசு வாங்கியிருக்கிறார் இந்த மனிதர். முடிவை நான் சொன்னபோது, "அப்ப எம்புள்ள எங்கம்மா?" என்று கேட்டார். என் பணம் போனதை நான் பொறுத்துக்கொள்வேன். அந்த அம்மாவுக்குச் செய்ததைப் பொறுக்க என்னால் முடியவில்லை.

வெளிநாடுகளில் வளர்ந்து இப்போது இங்கே தேடி வருபவர்கள் கூடுதல் கவனத்தோடு இருக்க வேண்டும். 1970களிலும் 80களிலும் நெதர்லாந்து, சுவிட்சர்லாந்து போன்ற நாடுகளுக்கு இங்கிருந்து பிள்ளைகள் ஆயிரக்கணக்கில் கொண்டுசெல்லப்பட்டார்கள். பெற்ற தாயைப் போல நடிக்க வேறு பெண்களை நிறுத்தியதும், பொய்ப் பத்திரங்கள் தயாரித்ததும் பின்னாளில் அம்பலமாயின. அத்தகைய முறைகேடுகளுக்காகவே நெதர்லாந்து அரசு 2021 இல் வெளிநாட்டுத் தத்தெடுப்பை இடைநிறுத்தியது. அதனால், அசல் கோப்பில் இருக்கும் பெயரே பொய்யாக இருக்கலாம். தரகர் காட்டும் தாளை எந்த நம்பிக்கையில் ஏற்பது?

தத்தெடுப்புக் கட்டளை நீதிமன்றத்தில் பிறப்பிக்கப்படுவது. அதன் பதிவு பதிவாளர் நாயகத்திடம் இருக்கும். வழக்கு இலக்கத்தைக் கையில் வைத்துக்கொண்டு, சட்டத்தரணி மூலம் நீங்களே விண்ணப்பித்து உறுதிப்படுத்திய பிரதியைக் கேளுங்கள். நன்னடத்தை, சிறுவர் பராமரிப்புச் சேவைகள் திணைக்களத்திடம் 2016 ஆம் ஆண்டுத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழும் எழுத்தில் கேட்கலாம். செலுத்தும் எந்தக் கட்டணத்துக்கும் பற்றுச்சீட்டு வாங்குங்கள். யாரையாவது தாய் என்றோ பிள்ளை என்றோ காட்டினால், கட்டிப்பிடிப்பதற்கு முன் மரபணுப் பரிசோதனையைச் செய்துவிடுங்கள். அதைத் தள்ளிப்போடச் சொல்பவர் யாராக இருந்தாலும் அவருக்கு மேற்கொண்டு ஒரு சதமும் கொடுக்காதீர்கள்.

இதே ஆளிடம் பணம் கொடுத்தவர்கள் வங்கிச் சீட்டுகளையும் அவர் தந்த தாள்களையும் கிழித்துப் போடாமல் வைத்திருந்து, உங்கள் பகுதிப் பொலிஸ் நிலையத்தில் முறைப்பாடு செய்யுங்கள். தலைப்பில் "மத்திய மாகாண சபை" என்று இருந்து, திகதி 1987க்கு முந்தியதாக இருந்தால், அதையும் முறைப்பாட்டில் எழுதச் சொல்லுங்கள்.