வடிகாலை அடைப்பதா, வரப்பு கட்டுவதா: தாழ்நிலப் பீட் சதுப்பை மீட்கும் இரு வழிகள்

வடமேற்கு இங்கிலாந்தில் நாங்கள் சிலர் தன்னார்வலர்களாகப் பராமரித்துவரும் சிறிய பீட் சதுப்பு ஒன்றில் மீண்டும் நீரை நிறுத்த வேண்டியிருந்தது. (பீட் என்பது நீர் தேங்கிய நிலத்தில் செடிகள் முழுதும் மட்காமல் சேர்ந்து உண்டாகும் மண்.) பழைய வடிகால்களின் குறுக்கே பிளாஸ்டிக் பலகைகளை இறக்குவதா, பீட் மண்ணைக் கொண்டே நிலம் முழுவதும் தாழ்வான வரப்புகளைக் கட்டுவதா என்று விவாதித்து, பணத்தில் பெரும்பகுதியை வரப்புகளுக்கே ஒதுக்கினோம். அந்த முடிவு சரியென்றே இன்றும் கருதுகிறேன். அதற்கான காரணங்களையும், அது பொருந்தாத இடங்களையும் இங்கே எழுதுகிறேன்.

தேவையைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. மழைநீரை மட்டுமே நம்பி வளரும் இத்தகைய தாழ்நிலச் சதுப்புகளில் ஏறத்தாழ 94 விழுக்காடு பிரிட்டனில் சேதமுற்றோ அழிந்தோ போய்விட்டது. உழவுக்காக வடித்தார்கள், எரிபொருளுக்காக வெட்டினார்கள், பின்னர் தோட்டத் தொட்டி மண்ணுக்காக இயந்திரம் கொண்டு சுரண்டினார்கள். (அந்தத் தொட்டி மண்ணுக்கு மாற்றாக இன்று இங்குள்ள கடைகளில் தென்னை நார்க் கழிவு விற்கப்படுவதைப் பார்க்கும்போது மனம் நிறைகிறது.) ஆண்டுக்குச் சுமார் 1 மில்லிமீட்டர் மட்டுமே சேரும் மண் இது, வடித்துவிட்டால் எவ்வளவு விரைவாக அமிழும் என்பதைக் கேம்பிரிட்ஜ்ஷயரின் ஹோம் ஃபென்னில் காணலாம். 1851இல் நிலமட்டத்துக்குச் சமமாகப் புதைக்கப்பட்ட இரும்புத் தூண் அங்கே இன்று ஏறத்தாழ 4 மீட்டர் வெளியே நிற்கிறது.

பிளாஸ்டிக் தடுப்பின் நன்மைகள் வெளிப்படையானவை. மறுசுழற்சி செய்த பலகைகள் ஒன்றின் விளிம்பு மற்றொன்றில் கோத்துக்கொள்ளும். அவற்றைச் சம்மட்டியால் அடித்து இறக்க நான்கைந்து பேர் போதும், கனரக இயந்திரம் தேவையில்லை. அடுத்த மழையிலேயே வடிகாலில் நீர் தளும்புவதால், நிதி கொடுத்தவர்களுக்குக் காட்ட நல்ல படமும் கிடைத்துவிடும். ஆழமான சிறு வடிகால் ஒன்றிரண்டு மட்டும் ஓடும், மற்றபடி பெரிதும் சிதையாத சதுப்பாக இருந்தால் நானும் இதைத்தான் பரிந்துரைப்பேன்.

எங்கள் நிலம் அப்படிப்பட்டதன்று. துளையிட்ட குழாய்களைப் பீட்டில் செருகி, அளவுக்கோலை உள்ளே விட்டு நீர்மட்டம் பார்ப்பது எங்கள் வழக்கம். முன்பே பலகை அடித்திருந்த ஒரு வடிகாலில் நீர் விளிம்பைத் தொட்டு நின்ற கோடை நாளொன்றில், அதிலிருந்து பத்தடி தள்ளியிருந்த குழாயில் நீர் ஒரு முழத்துக்கும் கீழே கிடந்தது. பீட்டை உருவாக்கும் ஸ்ஃபாக்னம் பாசி நிலைத்து வளர வேண்டுமானால் ஆண்டின் பெரும்பகுதியில் நீர்மட்டம் மேற்பரப்பிலிருந்து 10 சென்டிமீட்டருக்குள் இருக்க வேண்டும். காரணத்தை அறிய அந்த இடத்தில் ஒரு குழி வெட்டிப் பார்த்தோம். மேல் அடுக்கு காப்பித்தூள் போல உதிர்ந்தது. அதற்குக் கீழே விரல் நுழையும் அளவுக்கு வெடிப்புகள், அவற்றினூடே பிர்ச் மரங்களின் வேர்கள், ஒரு வெடிப்பின் வாயிலிருந்து சொட்டுச் சொட்டாகக் கசியும் பழுப்பு நீர். ஒருமுறை நன்றாகக் காய்ந்து சுருங்கிய பீட் பழைய நிலைக்கு முழுமையாகத் திரும்புவதில்லை. எனவே வடிகாலை எவ்வளவு இறுக்கமாக அடைத்தாலும், நீர் தடுப்பைச் சுற்றிக்கொண்டு வெடிப்புகளின் வழியே வெளியேறிக்கொண்டே இருக்கும்.

வரப்பு முறை இந்த வெடிப்புகளையே நேரடியாகக் கையாள்கிறது. அகலமான பட்டைச் சக்கரம் பூட்டிய பொக்லைன் முதலில் மேல் புற்பரப்பைத் தோலுரித்து ஓரமாக வைக்கும். பின்பு காய்ந்த அடுக்கைத் தாண்டி, கையில் பிசுபிசுக்கும் கறுத்த ஈரப் பீட் தென்படும்வரை ஒரு குறுகிய அகழியைத் தோண்டும். பக்கத்திலிருந்து எடுத்த ஈரப் பீட்டை அந்த அகழியில் அடுக்கடுக்காகப் போட்டு அழுத்தி, முழங்கால் உயரத்துக்குக் கொண்டுவந்து, உரித்த புல்லை மேலே போர்த்தும். கண்ணுக்குத் தெரியும் வரப்பைவிட மண்ணுக்குள் மறைந்திருக்கும் அந்த அடைப்புதான் முக்கியமானது. இவ்வாறு நிலம் சிறு பாத்திகளாகப் பிரிகிறது; கோடைக்காலப் பொழுதுகளில் ஒவ்வொன்றும் தன் மழையைத் தானே வைத்துக்கொள்கிறது. ஷ்ரோப்ஷயருக்கும் வேல்ஸுக்கும் எல்லையிலுள்ள ஃபென்ஸ், விக்ஸால் சதுப்புகளிலும், வேல்ஸின் கோர்ஸ் காரோன், கோர்ஸ் ஃபோக்னோ ஆகியவற்றிலும் வரப்புகள் பெருமளவில் கட்டப்பட்டிருக்கின்றன.

செலவும் அழகும் இரண்டாம் நிலைக் கேள்விகள். ஐந்தாண்டு கழித்து யார் வந்து பழுது பார்ப்பார்கள் என்பதே எங்கள் முடிவைத் தீர்மானித்தது. பலகைத் தடுப்பின் பழுது எளியதுதான்: ஓரத்தில் நீர் அரித்திருந்தால் இன்னும் இரண்டு பலகைகளை அடிக்கலாம், பீட்டை அள்ளித் திணிக்கலாம். ஆனால் கோடைதோறும் பீட் சுருங்கிப் பலகையிலிருந்து விலகுகிறது. குளிர்கால வெள்ளம் அந்த இடைவெளியை அகலமாக்குகிறது. அடுத்த ஆண்டு அதே வேலை அதே இடத்தில் திரும்ப வருகிறது. தடுப்புகளின் எண்ணிக்கை கூடக்கூட, தன்னார்வலர்களின் சனிக்கிழமைகள் எல்லாம் இதற்கே போய்விடும், பிர்ச் கன்றுகளைப் பிடுங்கவும் பாசி நடவும் ஆளிருக்காது.

வரப்பின் சுமை வேறு விதமானது. முதலிரண்டு கோடைகளில் அது அமிழ்ந்து, சில இடங்களில் மேற்புறம் வெடிக்கும்; அதைச் சரிசெய்ய மண்வெட்டி போதாது, பொக்லைனை மீண்டும் வரவழைக்க வேண்டும். பறவைகள் கூடு கட்டும் பருவத்தைத் தவிர்க்க வேண்டியிருப்பதால் இலையுதிர்காலத்துக்குக் காத்திருக்கவும் நேரும். இதற்கான தொகையைத் தொடக்கத்திலேயே தனியாக எடுத்து வைக்காத எந்தத் திட்டத்துக்கும் நான் வரப்பைப் பரிந்துரைக்க மாட்டேன். அந்தக் கட்டம் தாண்டி, பருத்திப்புல் வேரூன்றிப் பாசி ஏறிவிட்டால், வரப்பு உள்ளிருந்தே ஈரத்தைத் தாங்கிக்கொள்கிறது. அதன் பின் ஆண்டுக்கொருமுறை நடந்து பார்ப்பதும் மிகை நீரை வெளியேற்ற வரப்பில் வைத்த மறுகால் குழாயில் அடைத்த புல்லை எடுப்பதுமே எங்களுக்கு வேலையாக இருந்திருக்கிறது. எங்கள் வரப்புகள் இன்னும் இளையவை. எனவே நெடுங்கால உறுதியைப் பற்றி என் அனுபவத்திலிருந்து உத்தரவாதம் தர இயலாது.

உயிரினங்களைப் பொறுத்தவரை இரண்டுக்கும் இடமுண்டு. மான்செஸ்டருக்கு அருகே ஆஸ்ட்லி சதுப்பில் 2020இல் மீண்டும் விடப்பட்ட லார்ஜ் ஹீத் வண்ணத்துப்பூச்சியின் புழு பருத்திப்புல்லைத் தின்று வளர்வது. வளர்ந்த பூச்சி ஈரநில ஹீத் செடியின் பூவில் தேன் குடிப்பது. இவை இரண்டும் பரந்த ஈரப்பரப்பைக் கேட்பவை, அதை வரப்பே தருகிறது. கம்பிரியாவின் ஃபௌல்ஷா சதுப்பில் திரும்பக் குடியேற்றப்பட்ட வெண்முகத் தும்பிக்கோ பாசி மிதக்கும் குட்டைகள் வேண்டும். அடைத்த வடிகால்களும் அத்தகைய குட்டைகளாகக்கூடும். அதற்காகவே சில பலகைத் தடுப்புகளை நாங்கள் விட்டுவைத்தோம்.

வெள்ளத் தடுப்பைப் பற்றிப் பேசும்போது கவனம் தேவை. ஸ்ஃபாக்னம் தன் உலர் எடையைப் போல 20 மடங்கு வரை நீரைத் தாங்கும் என்பது உண்மையே. ஆனால் குளிர்காலத்தில் ஏற்கெனவே நிரம்பி நிற்கும் சதுப்பில் புது மழைக்கு அதிக இடமிராது. அப்போது உதவுவது, மேற்பரப்பின் கரடுமுரடும் வரப்புகளும் நீரின் ஓட்டத்தைத் தாமதப்படுத்துவதுதான். 1 ஹெக்டேரில் 10 சென்டிமீட்டர் நீரைச் சிறிது நேரம் நிறுத்தினால், அதுவே 10 லட்சம் லிட்டர். மறுகால் குழாயை உயர்த்தி இன்னும் அதிகம் நிறுத்தலாமே என்று கீழே நிலம் வைத்திருக்கும் உழவர்கள் கேட்கிறார்கள். அவர்களுடைய கவலை நியாயமானது. ஆனால் நீர் ஆழமானால் காற்றில் அலையெழுந்து பாசியைப் பிய்த்துவிடும், மீத்தேன் வெளியேற்றமும் கூடும். ஓடைகளை அடைத்துப் பாசி நட்டதால் வெள்ள உச்சம் தணிந்ததற்கான நல்ல அளவீடுகள் கிண்டர் ஸ்கவுட் போன்ற மலைச்சரிவுச் சதுப்புகளிலிருந்து வந்தவை. அந்த எண்களை அப்படியே தட்டையான தாழ்நிலத்துக்குச் சொல்லி அண்டை ஊர்களுக்கு வாக்குறுதி அளிப்பதை நான் ஏற்பதில்லை.

பீட் மெலிந்து, அடியில் மணல் இருக்கும் இடங்களில் மட்டும் வரப்புக்கு அகழி தோண்டவே கூடாது. அடியடுக்கைத் துளைத்துவிட்டால் சதுப்பின் நீர் கீழ்நோக்கி இறங்கிவிடும், அதை மீண்டும் அடைப்பது மிகக் கடினம். ஆகவே பொக்லைனை அழைப்பதற்கு முன், வரப்பு ஓடப்போகும் கோட்டில் சில அடிக்கு ஒருமுறை இரும்புக் கம்பியைச் செருகிப் பீட்டின் ஆழத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். கம்பி சீக்கிரமே நறநறவென்று மணலைத் தொடும் இடங்களில் கோட்டை மாற்றுங்கள், மாற்ற வழியில்லாவிட்டால் அங்கே மட்டும் ஆழமிறங்காத குட்டைப் பலகைகளைப் பயன்படுத்துங்கள்.