ஒளிரும் சிவப்பின் ஏழு வாரங்கள்: தமியாவின் 1/20 மெக்லாரன் எம்பி4/4

ஜப்பானிய மாடல் நிறுவனமான தமியாவின் 1/20 அளவு மெக்லாரன் ஹோண்டா எம்பி4/4 பந்தயக் கார் மாடல் கிட்டின் பாகங்களை வெட்டி, தேய்த்து, ஒட்டி முடிக்க எனக்கு ஐந்து மாலைப் பொழுதுகள் போதுமானவையாக இருந்தன; அதன் மேலுடலுக்கு வண்ணம் பூசி மெருகேற்ற ஏழு வாரங்கள் ஆயின. பந்தயக் கார் மாடல்களில் இதைவிடப் பாகங்கள் மிகுந்தவையும் கட்டுவதற்குக் கடினமானவையும் பல உண்டு. ஆனால் வண்ணம் பூசுகிறவரின் கையை இந்த அளவுக்குக் கேள்வி கேட்கும் கிட் வேறொன்றை நான் கண்டதில்லை. ஆகவே இந்த மதிப்புரையின் பெரும்பகுதி அந்த ஏழு வாரங்களைப் பற்றியே இருக்கும்.

முதலில் காரைப் பற்றிச் சிறிது சொல்ல வேண்டும். 1988ஆம் ஆண்டு ஃபார்முலா 1 பருவத்தின் 16 பந்தயங்களில் 15 பந்தயங்களை வென்ற கார் இது. அதன் ஓட்டுநர்களான அயர்டன் சென்னாவுக்கு 8, அலன் புரோஸ்டுக்கு 7 என்று அந்த வெற்றிகள் பிரிந்தன. தவறிப்போன ஒரே பந்தயம் இத்தாலியின் மோன்சா. அங்கே முன்னணியில் ஓடிக்கொண்டிருந்த சென்னா, ஒரு சுற்று பின்தங்கியிருந்த ழான் லூயி ஷ்லெசரின் வில்லியம்ஸ் காருடன் மோதி நிற்க, கெர்ஹார்ட் பெர்கரின் ஃபெராரி வென்றது. அந்த ஆண்டு விதிகள் டர்போ எஞ்சின்களின் அழுத்தத்தை 2.5 பார் அளவுக்கும், எரிபொருளை 150 லிட்டருக்கும் குறைத்தன. தொழில்நுட்ப இயக்குநராக இருந்த கோர்டன் மரேயும், வடிவமைப்பை முன்னின்று நடத்திய ஸ்டீவ் நிக்கல்ஸும் அந்தச் சிறிய எரிபொருள் தொட்டியையும் ஹோண்டாவின் தாழ்வான வி6 எஞ்சினையும் பயன்படுத்திக்கொண்டு, ஓட்டுநர் ஏறக்குறையப் படுத்திருப்பது போல் அமரும் மிகத் தாழ்ந்த காரை உருவாக்கினார்கள். பெட்டியைத் திறந்து மேலுடலைக் கையில் எடுத்ததும் கண்ணில் படுவது அந்தத் தாழ்வுதான். சுமார் 22 சென்டிமீட்டர் நீளமுள்ள மாடலில், மூக்கிலிருந்து எஞ்சின் மூடி வரை ஓடும் பரப்பு நீண்டதாகவும் வழவழப்பாகவும் இருக்கிறது. இக்காலத்து ஃபார்முலா 1 கார்களின் மேலுடலில் காணும் சிறு சிறகுகளும் துவாரங்களும் இதில் இல்லை. ஒரு தூசியோ, ஒரு வழிசலோ, ஒரு திட்டோ ஒளிந்துகொள்ள இடமே இல்லாத வடிவம் இது.

பாகங்களின் தரத்தைப் பற்றி அதிகம் சொல்லத் தேவையில்லை. கிட்டின் வயது முப்பது ஆண்டுகளைக் கடந்துவிட்டது. ஆயினும் தமியாவின் ஊரான ஷிசுவோக்காவில் அன்று வெட்டப்பட்ட அச்சுகள் இன்றும் மரியாதைக்குரியவை. அச்சுக்கோடுகள் மெல்லியவை, 800 எண் உப்புத்தாளைத் தண்ணீரில் நனைத்துத் தேய்த்தால் மறைந்துவிடும். பின்மூடியைக் கழற்றினால் எஞ்சின் முழுமையாகத் தெரியும். இவ்வளவு போதும்.

இனி வண்ணம். அந்தக் காலத்து மெக்லாரன் கார்களில் இருந்தது சாதாரணச் சிவப்பு அன்று. ஆரஞ்சை நோக்கிச் சாயும் ஒளிரும் சிவப்பு. தொலைக்காட்சித் திரையில் ஆதரவாளரின் சிகரெட் பெட்டிச் சிவப்பைப் போலவே தெரிய வேண்டும் என்பதற்காக அது தேர்ந்தெடுக்கப்பட்டது. ஒளிரும் நிறமிகள் கண்ணுக்குத் தெரியாத புற ஊதா ஒளியையும் நீல ஒளியையும் உறிஞ்சிக்கொண்டு, அந்த ஆற்றலின் ஒரு பகுதியைச் சிவப்பு ஒளியாகத் திருப்பி உமிழ்கின்றன. அதனால்தான் அவை தம்மீது விழும் வெளிச்சத்தைக் காட்டிலும் பிரகாசமாக இருப்பதாக நமக்குத் தோன்றுகிறது. ஆனால் இந்த நிறமிகளுக்கு மறைக்கும் திறன் மிகக் குறைவு. ஒளி வண்ணப் படலத்தை ஊடுருவி அடியிலுள்ள பரப்பைத் தொட்டுத் திரும்புகிறது. அடியில் சாம்பல் நிறப் பிரைமர் (வண்ணத்துக்கு முன் பூசும் அடிப்பூச்சு) இருந்தால் சிவப்பு செத்துப்போகும், தூய வெள்ளை இருந்தால் மட்டுமே அது எரியும்.

இந்தக் காருக்கு வெள்ளையும் வேண்டும் என்பதால் வரிசை தானாகவே அமைந்துவிடுகிறது. வெள்ளைப் பிரைமர், அதன்மேல் தமியாவின் தெளிப்பு டப்பா வண்ணமான டிஎஸ்-26 பியூர் ஒயிட், அது நன்றாகக் காய்ந்தபின் வெள்ளைப் பகுதிகளை மாஸ்கிங் டேப்பால் மூடி, அதே வரிசையின் டிஎஸ்-36 ஃப்ளூரசன்ட் ரெட், அதாவது ஒளிரும் சிவப்பு. இதைத் தலைகீழாகச் செய்ய நினைப்பவர்களுக்கு ஓர் எச்சரிக்கை: ஒளிரும் சிவப்பின் மீது வெள்ளையைப் பூசினால், லேக்கரின் (விரைந்து உலரும் இவ்வகை வண்ணத்தின்) கரைப்பான் கீழிருக்கும் சாயத்தைக் கரைத்து மேலே இழுத்து வரும்; வெள்ளை சில நாட்களில் ரோஜா நிறமாகிவிடும்.

இந்தச் சிவப்பின் உண்மையான கடினம் அதன் சாயலில் இருக்கிறது. இரண்டு மெல்லிய பூச்சில் அது ஆரஞ்சாகத் தெரிகிறது, நான்கில் சிவப்பாகிறது, ஆறில் இன்னும் ஆழ்ந்த சிவப்பு. அதாவது பூச்சின் தடிமனே நிறத்தைத் தீர்மானிக்கிறது. எஞ்சின் மூடிக்கு ஐந்து பூச்சும் இறக்கைப் பாகங்களுக்கு மூன்று பூச்சும் கொடுத்துவிட்டால், ஒரே டப்பாவிலிருந்து வந்த வண்ணமாயினும் கட்டி முடித்தபின் அவை இரண்டு வேறு கார்களிலிருந்து கழற்றி வந்தவை போல் நிற்கும். என் முதல் முயற்சியில் இதுதான் நடந்தது. மேலுடலை ஒரு வாரமும் இறக்கைகளை அடுத்த வாரமும் பூசினேன். வெயிலில் வைத்துப் பார்த்தபோது வேறுபாடு பளிச்சென்று தெரிந்தது. இரண்டாம் முறை சிவப்புப் பாகங்கள் அனைத்தையும் முதலைக்கிளிப் பொருத்திய குச்சிகளில் ஒரே வரிசையாக நிறுத்தி, ஒவ்வொரு பூச்சையும் எல்லாவற்றுக்கும் ஒரே அமர்வில், ஒரே தூரத்தில் இருந்து கொடுத்தேன். ஒரு பழைய பிளாஸ்டிக் கரண்டிக்கும் அதே எண்ணிக்கையில் பூசி, அதைச் சாயல் ஒப்பிடும் அளவுகோலாக வைத்துக்கொண்டேன். இதற்கு மேல் ரகசியம் எதுவுமில்லை. ஆனால் இந்த ஒழுங்கு இல்லாமல் இந்தக் கார் அமையாது.

இரு நிறங்களும் கூரிய கோணங்களில் சந்திக்கின்றன. கோடு ஒரு பாகத்தில் தொடங்கி அதன் எல்லையைத் தாண்டி அடுத்த பாகத்தில் தொடர்கிறது. எனவே மேலுடலைச் சட்டகத்தின் மீது தற்காலிகமாகப் பொருத்தி வைத்த நிலையிலேயே டேப்பின் விளிம்பைத் தீர்மானிக்க வேண்டும். அகலமான டேப்பை வளைவில் இழுத்து ஒட்டுவதைவிட, 1 மில்லிமீட்டர் அகலத்தில் அறுத்த கீற்றால் கோட்டை முதலில் வரைந்துவிட்டு மீதியை அகல டேப்பால் மூடுவதே பாதுகாப்பானது. சிவப்பைத் தெளிக்கும் முன் டேப்பின் விளிம்பில் அதே வெள்ளையை ஒரு முறை மெல்லத் தெளித்துவிட்டால், கசிய வேண்டியது வெள்ளையாகவே கசிந்து இடைவெளியை அடைத்துவிடும்; பிறகு வரும் சிவப்புக்கு நுழைய வழியிருக்காது. டேப்பை எடுக்கும்போது மேல்நோக்கி இழுக்காமல், அதன் மீதே மடித்து, பரப்போடு ஒட்டினாற்போல் மெதுவாகப் பின்னோக்கி உரிக்க வேண்டும். அந்தக் கோடு தெளிவாக வெளிப்படும் கணத்தின் மகிழ்ச்சிக்காகவே இந்தக் கிட்டை நான் மறுபடியும் வாங்குவேன்.

நம் ஊரில் இந்த வேலைக்கு இரண்டு தடைகள் உண்டு. ஒன்று, தெளிப்பு டப்பாக்கள் அழுத்தமூட்டப்பட்ட, தீப்பற்றக்கூடிய பொருட்கள் என்பதால் விமானத் தபாலில் எளிதில் வருவதில்லை. உள்ளூரில் கிடைக்கும்போது இரண்டாக வாங்கி வைத்துக்கொள்வது நல்லது. கிடைக்காவிட்டால் குப்பியில் வரும் ஒளிரும் சிவப்பு லேக்கரை ஏர்பிரஷ்ஷில் (காற்றழுத்தத்தால் வண்ணம் தெளிக்கும் சிறு கருவியில்) பயன்படுத்தலாம். டப்பா கிடைத்தாலும் நான் அதை நேரடியாகத் தெளிப்பதில்லை. ஒரு கண்ணாடிக் குப்பிக்குள் தெளித்துச் சேகரித்து, மூடியை இறுக்காமல் ஓரிரவு வைத்து, உந்துவாயு முழுதும் வெளியேறியபின் ஏர்பிரஷ்ஷில் இடுகிறேன். பூச்சின் தடிமனைக் கட்டுப்படுத்த இதைவிட நல்ல வழி எனக்குத் தெரியவில்லை.

இரண்டாவது தடை ஈரப்பதம். லேக்கரின் கரைப்பான் விரைந்து ஆவியாகும்போது பரப்பு குளிர்ந்து, காற்றிலுள்ள ஈரம் அதன்மேல் படிகிறது. வண்ணம் பால் போல் வெளுத்துவிடுகிறது. சென்னையில் வடகிழக்குப் பருவமழை மாதங்களில் பளபளப்பான மேலுடலுக்கு லேக்கர் பூசுவதை நான் அறவே விட்டுவிட்டேன். மற்ற மாதங்களிலும் மிஸ்டர் லெவலிங் தின்னர் போன்ற, உலர்வதைத் தாமதப்படுத்தும் கரைப்பானைக் கலந்தால் வெளுப்பு பெரிதும் குறைகிறது. பால்கனியில் தெளித்தாலும் கரிம ஆவியை வடிகட்டும் முகமூடியை அணிந்தே தெளிக்க வேண்டும். சாதாரணத் துணி முகக்கவசம் இந்த ஆவியைத் தடுக்காது.

டீக்கால்களின் (தண்ணீரில் நனைத்து ஒட்டும் எழுத்து, சின்னங்களின்) படலம் சற்றுத் தடிமனானது. அதனால் அவை கையாளும்போது கிழிவதில்லை; ஆனால் வளைவுகளில் படிவதற்கு மென்மையாக்கும் திரவமும் வெந்நீரில் நனைத்த பஞ்சுக் குச்சியும் வேண்டும். என் முதல் கிட் ஒரு கடையில் நெடுநாள் கிடந்த பழைய பெட்டி; அதன் டீக்கால் தாள் மஞ்சளித்திருந்தது. அந்தத் தாளைத் தெளிவான பிளாஸ்டிக் உறையில் இட்டு, வெயில் விழும் சன்னலில் இரண்டு வாரம் ஒட்டி வைத்ததில் மஞ்சள் பெருமளவு வெளுத்தது. சிகரெட் நிறுவனத்தின் எழுத்துகள் வேண்டுமென்பவர்கள் தனியார் டீக்கால் தயாரிப்பாளர்களிடம்தான் வாங்க வேண்டும். என் கருத்தில், அந்த எழுத்துகள் இல்லாமல் இந்தக் கார் பாதி ஆடை அணிந்தது போல் இருக்கிறது; வரலாற்றுச் சான்றாக ஒரு காரைச் செய்கிறவர் அதை உள்ளபடியே செய்வதில் பிழையில்லை.

டீக்காலுக்கு மேல் கிளியர், அதாவது நிறமற்ற பூச்சு கட்டாயம். டிஎஸ்-13 கிளியர் கண்ணாடி போன்ற பளபளப்பைத் தரும். ஆனால் முதலிலேயே ஈரமாகத் தெளித்தால் டீக்கால் சுருங்கிவிடும் என்பதால், முதல் மூன்று பூச்சுகளைப் பனி போல் தூவி, ஒவ்வொன்றையும் உலரவிட்ட பிறகே கனமான பூச்சுக்குப் போக வேண்டும். ஒளிரும் நிறமிகள் வெயிலில் விரைவில் மங்குபவை. அதனால் புற ஊதா ஒளியைத் தடுக்கும் மிஸ்டர் சூப்பர் கிளியர் யுவி கட் போன்ற கிளியரையும் பரிசீலிக்கலாம். அது சிவப்பைத் தூண்டும் ஒளியில் ஒரு பகுதியையும் சேர்த்தே தடுப்பதால் ஒளிர்வு இம்மியளவு குறையும். பல ஆண்டுகள் நிலைக்கும் நிறத்துக்காக அந்த இம்மியை விட்டுக்கொடுக்க நான் தயங்கவில்லை. இரண்டு வாரம் உலர்ந்தபின் 2000 எண் உப்புத்தாளும், பிறகு தமியாவின் கோர்ஸ், ஃபைன், ஃபினிஷ் என்ற மூன்று காம்பவுண்டுகளும் (மெருகேற்றும் பசைகளும்). விளிம்புகளில் மட்டும் அழுத்தித் தேய்க்கக் கூடாது. அங்கே படலம் மெலிந்திருக்கும், சிவப்பு துணியில் ஒட்டி வந்துவிடும்.

உள்ளே இருக்கும் ஹோண்டா ஆர்ஏ168இ 1.5 லிட்டர் எஞ்சின் வேறு வகையான மகிழ்ச்சி. இருபுறமும் உள்ள டர்போக்களுக்கும் வெளியேற்றுக் குழாய்களுக்கும் ஒரே வெள்ளி நிறம் பூசி நிறுத்திவிடாமல், வெந்த எஃகின் பழுப்பையும் மூட்டுகளில் மெல்லிய நீலத்தையும் தெளிவண்ணங்களால் ஏற்றினால் எஞ்சின் உயிர் பெறுகிறது. கம்பிகளைச் சேர்க்கும்போது அளவை மறக்கக் கூடாது: 0.4 மில்லிமீட்டர் கம்பி உண்மையான காரில் 8 மில்லிமீட்டர். அதைவிடத் தடித்த கம்பி கயிறாகத் தெரியும். கார்பன் இழை டீக்கால்களுக்கும் இதே கணக்கு பொருந்தும். உண்மையான நெசவின் கட்டம் 2 மில்லிமீட்டர் என்று கொண்டால், மாடலில் அது 0.1 மில்லிமீட்டர், கையருகே பார்த்தாலும் தெரியாது. பாய் நெசவு போல் பெரிதாகத் தெரியும் டீக்கால்களை ஒட்டுவதைவிட, பாதிப் பளபளப்புள்ள கறுப்பைப் பூசி விடுவதையே நான் விரும்புகிறேன். இருக்கைப் பட்டைகளை மட்டும் துணி நாடாவும் மெல்லிய உலோகக் கொக்கிகளும் கொண்டு தனியே செய்தேன். திறந்த ஓட்டுநர் அறையில் பார்வை முதலில் போவது அங்கேதான். டயர்களின் நடுக்கோட்டில் உள்ள அச்சுத் தடத்தை உப்புத்தாளால் தேய்த்தால், ஓடிவந்த டயரின் மங்கலும் அதனுடனேயே கிடைத்துவிடுகிறது.

இதே காரை மெங் நிறுவனம் 1/12 அளவில் கொண்டுவந்திருக்கிறது. குழாய்களும் கம்பிகளும் அதில் மிகுதி. இடமும் பணமும் உள்ளவர்களுக்கு அது பெருவிருந்து. ஆயினும் சிறிய வீட்டில், சிறிய மேசையில் வேலை செய்கிறவருக்கும், வரிசையாகப் பல பந்தயக் கார்களைச் சேர்க்க நினைப்பவருக்கும் 1/20 அளவே ஏற்றது. முதல் முறையாக மாடல் கட்டுகிறவருக்கு இதை நான் பரிந்துரைக்க மாட்டேன். ஒரே நிறம் கொண்ட இரண்டு கார்களையாவது பளபளப்பாக முடித்தவர் தயக்கமின்றி வாங்கலாம்.

என் இரண்டாம் கார், சென்னாவின் 12ஆம் எண்ணுடன், வெயில் நேரே படாத அலமாரியில் கண்ணாடிப் பெட்டிக்குள் இருக்கிறது. அளவுகோலாகப் பூசிய அந்தக் கரண்டியைச் சன்னலோரம் விட்டு வைத்திருந்தேன். ஆறு மாதத்தில் அது ஆரஞ்சாக வெளிறிவிட்டது. காரின் சிவப்பு இன்னும் அப்படியே இருக்கிறது.